மூன்றாவது பாட்டிலுக்குப் பிறகு

என் அக்காவின் கணவனை நேரில் கடைசிவரை அத்தான் என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது அந்த மரியாதை வேண்டியதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இங்கே அவன் வெறும் அவன்தான். இத்தனை வருடம் ஆகிவிட்டதே, மறந்துவிடு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மறதி வரவில்லை. வரவழைத்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அவன் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவனைப் பயிற்சிக்காகச் சில மாதங்கள் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். போகும்போது எல்லோரையும்போல உள்ளூர் பீரில் ஐஸ் போட்டுக் குடித்துக்கொண்டிருந்த ஆள், திரும்பி வரும்போது பீர் பண்டிதனாக வந்து இறங்கினான். மெஷினைப் பற்றி அங்கே என்ன கற்றுக்கொண்டான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், பகல் சாப்பாட்டுக்கு முன்னால், ஜெலுத்தோங்கில் இருந்த அவன் வீட்டு முன்கூடத்தில் பீர்க் கச்சேரி நடக்கும். வெளிநாட்டுப் பாட்டில்களை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்து மேசையில் வரிசையாக நிறுத்துவான். கிளாஸைப் பச்சைத்தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைக்க வேண்டும், துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் நூல் ஒட்டிக்கொள்ளுமாம். நுரை இரண்டு விரல் உயரம் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஊற்றியவனுக்குக் கை சரியில்லை, குறைந்தால் பீர் சரியில்லை. ஐஸ் கேட்டால் அவ்வளவுதான். என் மாமா ஒருமுறை பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"ஐஸ் வேணும்னா ஐஸ் கச்சாங் கடைக்குப் போங்க மாமா," என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். பேரப்பிள்ளை எடுத்த மனிதர் சிரித்துச் சமாளித்தார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அப்பா போனபிறகு எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் தலையசைக்க வேண்டும். அவரும் தொழிற்சாலை நண்பர்கள் இரண்டு பேரும்தான் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள். குடித்தால் மட்டும் போதாது, ஒவ்வொருவரும் கருத்துச் சொல்ல வேண்டும். அவன் முகர்ந்து, ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்குள் உருட்டி விழுங்கிவிட்டுத் தீர்ப்பு எழுதுவான். டென்மார்க் பீர் தண்ணீர், பொம்பளைகள் குடிக்கிறது. ஜப்பான் பீரில் அரிசி கழுவிய வாசனை. ஆஸ்திரேலியா பீர் வெயிலில் கூரை மாற்றுகிறவனுக்கு. ஹாலந்து பீர் பச்சைப் பாட்டிலில் வருவதால் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடும், முகர்ந்தால் மூஞ்சூறு வாசனை. ஸ்டவுட் என்கிற கறுப்புப் பீர் பிள்ளை பெற்றவளுக்கு மருந்து. கடைசியாக ஜெர்மன் பீரைத் திறப்பான். அப்போது மட்டும் கோயிலில் தீபாராதனை பார்க்கிற முகம்.

ஒரு நண்பன் தனக்கு டென்மார்க் பீர்தான் பிடித்தது என்று வாய்தவறிச் சொல்லி, அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டான். அதற்குப்பின் எல்லோரும் அவன் வாயைப் பார்த்துக் காத்திருந்து, அவன் சொன்னதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லப் பழகிவிட்டார்கள். எனக்கும் கருத்துகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்குக் கைவேலைக்குப் போவேன். குசினியில் கிளாஸ் கழுவும்போது அடியில் மிஞ்சியதை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். டென்மார்க் பீர் எனக்கும் பிடித்தது. ஜப்பான் பீரில் அரிசி வாசனை சத்தியமாக இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது பாட்டில் உள்ளே போனதும் அவன் குரல் மாறும். நாக்கு குழையும், கண் சொருகும். "ஏய், இங்க வாடி," என்று அக்காவைக் கூப்பிடுவான். கறியில் உப்பு இல்லை என்பதில் தொடங்குவான். அங்கிருந்து அப்பா போட்ட நகைக்குப் போவான், அக்காவின் நிறத்துக்குப் போவான், இன்னும் பிள்ளை இல்லாததற்குப் போவான். அக்கா தட்டை ஏந்திக்கொண்டு நிற்பாள். வந்தவர்கள் தங்கள் கிளாஸில் என்னவோ எழுதியிருப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் செருப்பு மாட்டிக் கிளம்பியபிறகு கை நீளும். மறுநாள் அக்கா முழுக்கை ரவிக்கை போட்டிருப்பாள். பினாங்கு வெயிலில் முழுக்கை.

திங்கட்கிழமை காலையில் அவனே போய் முர்தபாக் ரொட்டி வாங்கி வருவான். "நேத்து என்ன பேசினேன்னே தெரியல, பீர் ஏறிடுச்சு," என்பான். அதோடு முடிந்தது. மாப்பிள்ளை தங்கமானவர், குடிதான் கெடுக்கிறது என்பது எங்கள் குடும்பத்தின் முடிவு. அம்மா அவன் குடியை நிறுத்த வேண்டும் என்று தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டு, சுடுகிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தாள். நேர்த்திக்கடனுக்குக் காரணமான பெரிய மனிதர் வழியில் தண்ணீர்ப் பந்தல் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டு சுங்கை பினாங்கில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள். மாமா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குடிய விட்டுட்டா எல்லாம் சரியாப் போயிடும்மா. மாப்ள ஒண்ணும் கெட்டவர் இல்ல. கொஞ்சம் பொறுத்துக்க," என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். சாயந்தரமே மாமா அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார். ஞாயிற்றுக்கிழமை இலவச ஜெர்மன் பீருக்கும் அந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்டால், உண்டு என்பேன்.

அதைவிட எனக்கு வயிறு எரிந்தது அக்காவே அதை நம்பியதுதான். "அது பீர்டி. அவர் இல்ல," என்பாள். வீங்கிய மணிக்கட்டில் மருந்து தேய்த்துக்கொண்டே சொல்வாள். அந்த ஒரு நம்பிக்கைதான் அவளை அந்த வீட்டில் கட்டிப்போட்டிருந்தது. அதை அறுக்காமல் அவளை அங்கிருந்து கிளப்ப முடியாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

எனக்குச் சந்தேகம் வந்தது அவனுடைய தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில். ஒரு ஹோட்டலில் நடந்தது. அக்கா துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள். அவன் மேசையில் ஜெர்மன்காரப் பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தார். அன்று அவன் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைப்போல இரண்டு மடங்கு குடித்தான். நாக்கு குழையவில்லை. கண் சொருகவில்லை. அக்காவுக்கு நாற்காலியை இழுத்துவிட்டான். வீடு திரும்பும்வரை பட்டுத்துணிபோல் இருந்தான். நான் மறுநாள் மாமாவிடம் போய், அன்றைக்கு அந்தப் பீர் எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"பெரிய மனுசங்க இருந்தாங்கல்ல, அடக்கிக்கிட்டாரு."

"அடக்க முடியும்னா வீட்டுலயும் அடக்கலாமே மாமா."

"கல்யாணம் ஆகாத பொண்ணு, இதுல எல்லாம் தலையிடாத," என்றார். சரி என்று வந்துவிட்டேன். தலையிடுவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

அப்போது நான் துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீயில், கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, அரிசி சப்ளை செய்யும் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியிடம் கிளார்க் வேலை பார்த்தேன். ஒருநாள் அரபு நாட்டு முதலாளிகளுடைய சரக்குக் கப்பல் ஒன்று வந்தது. அதில் மது ஏற்றவே கூடாது என்று சட்டம். கப்பல் சமையல்காரன் எங்கள் தவுக்கே கொடுத்த நல்ல முட்டைக்கோஸுக்கு நன்றியாக ஒரு பெட்டி பாட்டில் அனுப்பிவைத்தான். தவுக்கே ஆவலோடு ஒன்றைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது பீர் இல்ல லா. பார்லி தண்ணி. நீ வேணும்னா கொண்டு போ," என்றார் தன் அரைகுறைத் தமிழில்.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். ஜெர்மனியில் செய்தது. முன்பக்கம் தங்க நிறத்தில் கோட்டை, கோதுமைக் கதிர், வளைந்து வளைந்து ஜெர்மன் எழுத்து. பின்பக்கம் சின்ன லேபிளில் அரபியிலும் ஆங்கிலத்திலும் போட்டிருந்தது, இது ஆல்கஹால் அறவே இல்லாத பானம் என்று. நிறமும் நுரையும் அச்சு அசல் பீர். நானும் ருசி பார்த்தேன். ஊறிய ரொட்டி வாசனை, கொஞ்சம் இனிப்பு, முடிவில் லேசான கசப்பு. மோசமில்லை. ஆனால் ஒரு பெட்டியையும் குடித்தாலும் கொசுகூட மயங்காது. எனக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று இரவே பாட்டில்களை வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பின்பக்க லேபிள்களை எல்லாம் உரித்தேன். ஒரே ஒரு பாட்டிலை மட்டும் அப்படியே விட்டு, தனியாக என் பையில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் பெட்டியைக் கொண்டுபோய் ஐஸ் பெட்டியில் வைக்கச் சொன்னேன். கப்பலில் வந்தது, ஜெர்மனி, கடையில் கிடைக்காது என்று அவனிடம் சொன்னேன். உண்மையைத் தவிர வேறு எதையும் நான் சொல்லவில்லை.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "பரவால்லயே, இப்பதான் உனக்கு விசயம் புரியுது," என்றான். மாமாவிடம் நானே போய்ச் சொன்னேன், நாளைக்குப் புதுப் பீர், கட்டாயம் வாருங்கள் என்று. அம்மாவையும், கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே அக்கா வீட்டில் சாப்பிடலாம் என்று சொல்லி அழைத்துவந்தேன். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வருவதே இல்லை. பார்க்காதவரைக்கும் தாங்கிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

அன்று காலையில் கோயிலில் நான் வேண்டிக்கொண்டதை இங்கே எழுதிவிடுகிறேன். இன்றைக்கு அவன் அக்காவைத் திட்ட வேண்டும், வழக்கத்தைவிட அதிகமாகத் திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெட்கமில்லை. அவன் மூன்றாவது பாட்டிலுக்குப் பிறகும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டால், குடிதான் குற்றவாளி என்று நானே நிரூபித்துக் கொடுத்ததாகிவிடும். அக்கா ஆயுசு முழுக்க அந்த வீட்டில் கிடப்பாள்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மா மூலையில் பிரம்பு நாற்காலியில். அவன் பாட்டிலைத் திறந்து, கிளாஸைச் சாய்த்து ஊற்றி, நுரையை விரல் வைத்து அளந்தான். முகர்ந்தான். ஒரு வாய் எடுத்து உருட்டினான். நான் குசினி வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடித் திறந்தான். "முதல்ல ரொட்டி மேலோடு," என்றான். "அப்புறம் தேன். கடைசியில கசப்பு வருது பாருங்க, அதுதான் ஒரிஜினல். இதுல பவர் ஜாஸ்தி. தொண்டையில சூடு எறங்குதா?"

"ஆமா, கொஞ்சம் எறங்குது," என்றார் மாமா.

"ஸ்ட்ராங் லா," என்றான் ஒரு நண்பன்.

"பாத்துக் குடிங்க, தெரியாது, திடீர்னு தூக்கும்," என்றான் அவன். இன்னொரு நண்பன் தலையைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே கிறுகிறுப்பதாகச் சொன்னான். சிரிப்பை அடக்க நான் குசினிக்குள் ஓடி, நெத்திலிச் சம்பலை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது பாட்டிலில் டென்மார்க்காரனையும் ஜப்பான்காரனையும் கிழித்துத் தொங்கவிட்டான். அக்கா ஆட்டுக்கறிப் பிரட்டலைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்றாவது பாட்டிலைத் திறந்தான். பாதி கிளாஸ் போனது. நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழு கிளாஸும் போனது. அடுத்ததையும் ஊற்றி வைத்தான். அப்புறம் கண் சொருகியது. தோள் தளர்ந்தது.

"ஏய், இங்க வாடி," என்றான். நாக்கு அழகாகக் குழைந்தது.

சொல்லிவைத்தாற்போல் உப்பில் தொடங்கினான். நகைக்குப் போனான். போன என் அப்பாவை ஏமாற்றுக்காரன் என்றான், அம்மா உட்கார்ந்திருக்கும்போதே. வரிசையில் ஒன்றும் குறைக்கவில்லை. பிள்ளை விசயத்துக்கு வந்தபோது அவன் சொன்ன வார்த்தையை நான் எழுத மாட்டேன். அக்கா, "அம்மா இருக்காங்க," என்று மெதுவாகச் சொன்னாள். அவன் கறிக் கிண்ணத்தைத் தூக்கி அவள்மேல் எறிந்தான். குழம்பு அவள் மார்பிலிருந்து சேலைக் கொசுவம்வரை வழிந்தது. எழுந்து கையை ஓங்கினான். வந்தவர்கள் போகட்டும் என்றுகூட அன்று காத்திருக்கவில்லை. அறை விழுந்த சத்தம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா பாதி எழுந்து, "மாப்ள, போதும், போதும். குடி ஏறிடுச்சு, உக்காருங்க," என்றார்.

நான் குசினிக்குப் போய், லேபிள் உரிக்காத பாட்டிலை எடுத்துவந்து மாமாவின் கையில் கொடுத்தேன். "இதே பெட்டியில வந்ததுதான் மாமா. பின்னால என்ன போட்டிருக்குன்னு சத்தமா படிங்க," என்றேன்.

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டினார். உதட்டுக்குள் ஒருமுறை படித்தார். பிறகு தன் கிளாஸைப் பார்த்தார், மேசைமேல் இருந்த காலிப் பாட்டில்களைப் பார்த்தார், மறுபடியும் லேபிளைப் படித்தார்.

"ஆல்கஹால் இல்லன்னு போட்டிருக்கு," என்றார். "ஒரு சொட்டுகூட இல்லன்னு."

நண்பர்கள் இருவரும் கிளாஸைக் கீழே வைத்தார்கள். கிறுகிறுத்தவன் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவன் மாமாவின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கிப் படித்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கண் சொருகல் இல்லை, தளர்ச்சி இல்லை.

"யாரைக் கேட்டு இதை என் வீட்டுக்குள்ள கொண்டாந்த?" என்றான். அந்தப் பேச்சில் ஓர் எழுத்துகூடக் குழையவில்லை. அவன் நாக்கு நிமிர்ந்ததைக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். கேட்டுவிட்டோம் என்பது அவனுக்கும் தெரிந்தது. அவன் முகத்தில் அப்போது ரத்தம் இறங்கியதே, அதைப் பார்க்கத்தான் நான் வாளித் தண்ணீரில் விரல் ஊற ஊற லேபிள் உரித்தேன். இன்றைக்கும் உடம்பு சரியில்லாத நாள்களில் அந்த முகத்தை நினைத்துக்கொள்வேன். தெம்பு வரும்.

"உங்களக் கேட்டுத்தான், அத்தான்," என்றேன். "ரொட்டி மேலோடு, தேன், பவர் ஜாஸ்தின்னு நீங்கதான சொன்னீங்க."

அவன் என் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தான். மாமா குறுக்கே வந்து நின்றார். தாமதமாகத்தான் வந்தார். அந்த ஓர் அடிக்காக அவரைக் கொஞ்சம் மன்னித்திருக்கிறேன், முழுக்க இல்லை.

அக்கா அதுவரை அசையவே இல்லை. கன்னத்தில் விரல் தடம் எழும்பியிருந்தது, குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. இதற்கும் அவள் ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிடுவாளோ என்று. அவள் மேசையருகே போனாள். அவன் ஊற்றிவைத்த அந்தக் கிளாஸ் அப்படியே இருந்தது. அதை எடுத்தாள். வாழ்நாளில் அவள் பீரை வாயில் வைத்தவள் இல்லை. முகம் சுளிக்காமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கிளாஸை வைத்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அப்படியே நின்றாள். என்னவோ தனக்குள் ஏறி வரும் என்று காத்திருக்கிறவள்போல நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் ஏறலியே," என்றாள்.

பிறகு அவனைப் பார்த்துத் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

"அப்ப இவ்வளவு நாளா அடிச்சது நீங்கதானா?"

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார். அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் படுக்கையறைக்குப் போய் அலமாரியைத் திறந்து, அக்காவின் சேலைகளை மடிக்காமல்கூட அப்படியே அள்ளிக்கொண்டு வந்தாள்.